இமயம் ஏன் எரியவில்லை?

குமரிமுனைக்குத் தெற்கே இந்துமாக் கடலின் அடித்தளத்திலிருந்து வடக்கே இமயத்தின் வேர்கள் வரையிலும், மேற்கே அரபிக்கடலின் நடுவிலிருந்து கிழக்கே அந்தமான் தீவுகளின் ஓரம் வரையிலும் பரந்து கிடக்கும் பாறைத் தட்டு ஒன்றின்மீது, அது தட்டு என்பதையோ, அது ஓயாமல் நகர்கிறது என்பதையோ சிறிதும் உணராமல் நாம் வீடு கட்டி வாழ்ந்து வருகிறோம். புவியியலார் இதனை இந்தியத் தட்டு என்பர். சுமார் 100 கிலோமீட்டர் தடிப்புள்ள இத்தட்டு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. சஷ்டியப்தபூர்த்தி கொண்டாடும் ஒருவர், தாம் பிறந்த ஊரைவிட்டு ஒருநாளும் வெளியே போகாதவராயினும், பிறந்த இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி வந்துதான் மாலை மாற்றிக்கொள்கிறார்.

இத்தட்டு வடக்கு விளிம்பில் ஆசியாவின்மீது மோதி இமயமலையை எழுப்பியிருக்கிறது. கிழக்கு விளிம்பில் அந்தமான், சுமத்ரா தீவுகளின் அடியில் புகுந்து பூமிக்குள் இறங்குகிறது. இரண்டு விளிம்புகளுமே பூகம்பத்துக்குப் பேர்போனவை. காங்ராவை 1905இலும், பீகாரையும் நேபாளத்தையும் 1934இலும், அஸ்ஸாமை 1950இலும், காத்மாண்டுவை 2015இலும் குலைத்தது வடக்கு விளிம்பு. 2004 டிசம்பரில் கடலையே கிளப்பி நம் கரைமேல் ஏவியது கிழக்கு விளிம்பு. ஆனால் எரிமலை என்று பார்க்கும்போது, கிழக்கு விளிம்பை ஒட்டிப் பாரன் தீவில் தொடங்கிச் சுமத்ரா நெடுகிலும், அதற்கப்பால் ஆஸ்திரேலியத் தட்டின் எல்லையாகிய ஜாவா, பாலி, சும்பாவா தீவுகளிலும் மலைகள் வரிசையாகப் புகைந்துகொண்டிருக்க, 2,400 கிலோமீட்டர் நீண்ட இமயத்தொடரில் எரியும் மலை ஒன்றுகூட இல்லை. ஒரே தட்டு, ஒரே நகர்ச்சி. ஒருபுறம் நடுக்கமும் நெருப்பும், மறுபுறம் நடுக்கம் மட்டும். இதற்குக் காரணம் என்ன?

பாடநூல்களில் பூகம்பத்தையும் எரிமலையையும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து வைத்து, இரண்டுக்கும் தட்டுகளின் நகர்ச்சியே காரணம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது வழக்கம். அது பொய்யன்று, ஆயினும் சுவையான பகுதியை அது மறைத்துவிடுகிறது. தட்டு நகர்வதால் பூமி அதிர்வது ஒரு வழியில். பாறை உருகி எரிமலையாவது முற்றிலும் வேறொரு வழியில். இரண்டும் சேர்ந்தே காணப்படும் இடங்கள் உலகில் மிகுதியாதலால் இந்த வேற்றுமை எளிதில் கண்ணில் படுவதில்லை. இமயமலை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. ஆகையால் அதை முன்னிட்டே இவ்விஷயத்தை ஆராய்வது நல்லது.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், பொங்கலை ஒட்டிய ஒரு பிற்பகலில், வடபீகாரும் நேபாளமும் குலுங்கி, மோங்கீர், முஸாபர்பூர் முதலிய நகரங்கள் இடிந்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சமயம் ஹரிஜன யாத்திரையாகத் தென்னாட்டில் சுற்றிவந்துகொண்டிருந்த காந்தியடிகள், திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் பேசுகையில், அந்த உற்பாதம் தீண்டாமை என்னும் பாவத்துக்கு ஆண்டவன் அளித்த தண்டனை என்று தாம் நம்புவதாகச் சொன்னார். தீண்டாமையை ஒழிப்பதில் காந்தியடிகளுக்குச் சிறிதும் பிற்படாதவராகிய தாகூர் இதைக் கேட்டு வருந்தி, இயற்கையில் நேரும் விபரீதங்களுக்கு இயற்கையிலேயே காரணம் தேட வேண்டும் என்று மறுப்பு எழுத, மகாத்மா அதைத் தம்முடைய ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே வெளியிட்டு விடையும் அளித்தார். இவ்விவாதத்தில் கவியின் பக்கமே நியாயம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு வேடிக்கை: அந்த இயற்கைக் காரணம் இன்னதுதான் என்று எடுத்துச் சொல்லி எல்லோரையும் ஒப்புக்கொள்ளச் செய்யக்கூடிய விஞ்ஞானி அன்று உலகில் ஒருவரும் இல்லை. பாறைகள் முறிவதால் பூமி அதிர்கிறது என்ற அளவுக்கு அறிந்திருந்தார்கள். அவற்றை முறிக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் குழப்பம்.

அந்த விடையை ஏறக்குறையத் தொட்டுவிட்ட மனிதர் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கிரீன்லாந்தின் பனிவெளியில் மாண்டுபோயிருந்தார். ஜெர்மானிய வானிலை ஆராய்ச்சியாளராகிய ஆல்பிரட் வேகனர், கண்டங்கள் நின்ற இடத்தில் நிற்பவை அல்ல, ஆதியில் ஒன்றாய் இருந்து பிரிந்து விலகியவை என்று 1912இல் பேசி 1915இல் நூலாக வெளியிட்டபோது, அவர் காட்டிய பிரமாணங்கள் வலுவாகவே இருந்தன. குளோசாப்டெரிஸ் என்னும் ஒரே பழஞ்செடியின் சுவடுகள் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கல்லில் பதிந்து கிடந்தன. இந்நிலங்கள் சேர்ந்திருந்த பழங்கண்டத்துக்கு நம் மத்திய இந்தியக் கோண்டு மக்களின் நாட்டை வைத்தே கோண்டுவானா என்ற பெயரும் வழங்கிவந்தது. ஆயினும் கண்டங்களை நகர்த்தும் சக்தி எது என்று கேட்டவர்களுக்கு வேகனரால் தகுந்த விடை சொல்ல முடியவில்லை. வானிலைக்காரருக்குப் பாறையில் என்ன வேலை என்று புவியியலார் பலர் அவரைப் புறக்கணித்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்க் கடலடியை அளக்கத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறிற்று.

சமுத்திரங்களின் நடுவே நெடிய மலைத்தொடர்கள் நீருக்கடியில் ஓடுகின்றன என்பதும், அங்கே பூமியின் உள்ளிருந்து பாறை உருகி எழுந்து புதிய கடல்தரையாகி இருபுறமும் விலகிச் செல்லலாம் என்பதும், 1962இல் ஹாரி ஹெஸ் என்னும் அமெரிக்கர் எழுதிய கட்டுரையின் சாரம். மறு ஆண்டே பிரெட் வைன், டிரம்மண்ட் மாத்யூஸ் என்னும் ஆங்கிலேயர் இருவர் அதற்குப் பிரத்தியட்சமான சான்று காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இடம் நமக்கு அயலானதன்று. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே கடலடியில் கிடக்கும் கார்ல்ஸ்பெர்க் தொடரில், பாறை உறைந்த காலத்துப் பூமியின் காந்தத்திசை, வடக்கு தெற்காகவும் தெற்கு வடக்காகவும் மாறி மாறிப் பட்டை பட்டையாகப் பதிவாகியிருந்ததை அவர்கள் விளக்கினார்கள். கடல்தரை அங்கே பிறந்து விலகுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. பிறக்கும் தரைக்கு ஈடாக வேறெங்கேனும் தரை மறைந்தாக வேண்டுமல்லவா? அந்த இடங்கள்தாம் ஆழ்கடல் அகழிகள். அறுபதுகள் முடிவதற்குள் பூமியின் மேற்பரப்பு முழுவதும் சில பெரிய தட்டுகளும் பல சிறிய தட்டுகளுமாகப் பகுத்து வரையப்பட்டுவிட்டது.

தட்டுகளைப் பற்றிப் பேசும்போது, அவை பாதாளத்திலுள்ள நெருப்புக் குழம்பின்மீது மிதக்கின்றன என்று நினைப்பவர் படித்தவர்களிலும் பலர். இந்த எண்ணத்தை விட்டொழிக்காதவரை எரிமலையின் காரணம் விளங்காது. எங்கும் குழம்பு நிறைந்திருக்குமாயின், ஓட்டையிட்ட இடமெல்லாம் எரிமலையாக வேண்டுமே. 1897இல் ஷில்லாங் பகுதியைத் தரைமட்டமாக்கிய பூகம்பத்தை ஆராய்ந்த ஆர். டி. ஓல்டாம், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றியவர். அந்த அதிர்ச்சி ஐரோப்பாவிலிருந்த கருவிகளில் பதிந்த விதத்தைக் கூர்ந்து நோக்கி, பூகம்பத்திலிருந்து முந்திவரும் அலை ஒன்றும் பிந்திவரும் அலை ஒன்றும் உண்டு என்று அவர் பிரித்துக் காட்டினார். பிந்திவரும் அலை, பாறையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு செல்வது. திரவத்துக்குள் அது புக முடியாது. அந்த அலை, மேலோட்டுக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை உள்ள கவசம் என்னும் பகுதியினூடே தங்குதடையின்றிச் செல்கிறது. ஆகவே கவசம் திடப்பொருளே. அது செந்தழலாகத் தகித்தாலும், மேலிருந்து அழுத்தும் பாரத்தினால் உருகாமல் இருக்கிறது. திடமாக இருந்துகொண்டே, கோடிக்கணக்கான ஆண்டுகளில் மிக மெதுவாக நெகிழ்ந்து புரளவும் செய்கிறது. தட்டு நகர்வதற்கு இப்புரளல் ஒரு காரணம். கடலடியில் முதுமையடைந்து குளிர்ந்து கனத்த தட்டு, அகழியில் தன் பாரத்தாலேயே இறங்கி, பின்னாலுள்ள பகுதியையும் இழுத்துச் செல்வது அதனினும் பெரிய காரணம்.

பூகம்பம் எப்படி நேர்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரம் அழிந்தபோது, நிலத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு முறிவு தோன்றி, அதன் குறுக்கே போடப்பட்டிருந்த வேலிகளும் பாதைகளும் துண்டாகி, ஒரு பாதி மறுபாதியைவிட்டுச் சில இடங்களில் ஆறு மீட்டர் வரை விலகிக் கிடந்தது. ஹாரி பீல்டிங் ரீட் என்னும் பேராசிரியர், அந்தப் பிரதேசத்தைப் பூகம்பத்துக்கு முன் ஐம்பது ஆண்டுகளில் அளந்த நில அளவைகளை எடுத்து ஒப்பிட்டு, முறிவுக்கு இருபுறமும் தொலைவிலிருந்த இடங்கள் அத்தனை காலமும் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்துகொண்டே இருந்தன என்றும், முறிவை ஒட்டிய பாறைகள் மட்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நகர மறுத்து, வளைந்து, தாங்கும் எல்லை கடந்ததும் ஒரே நொடியில் விடுபட்டு அந்த நெடுங்காலக் கடனைத் தீர்த்தன என்றும் முடிவு செய்தார். இன்றும் அது பழுதுபடாத விளக்கம்.

சுமத்ராவின் மேற்கே இதே நிகழ்ச்சி கிடைவாக்கில் நடக்கிறது. இறங்கும் தட்டும் மேலிருக்கும் தட்டும் பற்றிக்கொள்கின்றன. இறங்குவது நிற்பதில்லையாதலால், மேல்தட்டின் விளிம்பையும் அது தன்னோடு கீழே இழுத்துச் செல்கிறது. அந்த விளிம்பில் உள்ள நியாஸ், மெந்தவாய் முதலிய தீவுகள் இதனால் ஆண்டுதோறும் சில மில்லிமீட்டர் கடலுக்குள் தாழ்கின்றன. இதை எப்படி அறிந்தார்கள் என்பது விந்தையானது. பவழப்பூச்சிகள் வற்றுநீர் மட்டத்துக்குமேல் வளர மாட்டா. நிலம் தாழத்தாழ அவை மேலே வளர்ந்து, நிலம் திடீரென்று உயர்ந்தால் வெயில்பட்டு மடிகின்றன. கெர்ரி சீ முதலிய புவியியலார் அப்பவழப்பாறைகளை அறுத்து, அவற்றின் வளையங்களை எண்ணி, கருவிகள் இல்லாத காலத்துப் பூகம்பங்களையெல்லாம் நூற்றாண்டு நூற்றாண்டாகப் படித்தெடுத்தார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, நம் கடிகாரப்படி 6 மணி 29 நிமிடத்துக்கு, சிமேலு என்னும் தீவினருகே அந்தப் பிடி தளர்ந்தது. ஓரிடத்தில் தளர்ந்தது அங்கேயே நின்றுவிடாமல், பத்து நிமிடங்களுக்குள் வடக்கே அந்தமான் வரையில் சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடிற்று. அளவு 9.1. அளவுகோலில் ஓர் எண் கூடுவது முப்பத்திரண்டு மடங்கு சக்தி கூடுவதைக் குறிக்குமாகையால், 2015இல் நேபாளத்தில் நேர்ந்த 7.8 அளவுப் பூகம்பத்தைப் போல் ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு சக்தி அன்று வெளிப்பட்டது. நெடுங்காலம் கீழே இழுபட்டிருந்த மேல்தட்டின் விளிம்பு சில மீட்டர் துள்ளி எழுந்து, தன்மேல் இருந்த கடல் முழுவதையும் தூக்கிற்று. விளிம்புக்குக் கிழக்கே, அதுவரை புடைத்திருந்த பகுதி அதே நொடியில் அமிழ்ந்தது. நிக்கோபாரின் தென்கோடியாகிய இந்திரா முனை நான்கு மீட்டருக்குமேல் தாழ்ந்து, கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது.

எழும்பிய பக்கம் மேற்கு; அமிழ்ந்த பக்கம் கிழக்கு. ஆகையினால் கிழக்கே தாய்லாந்தின் கரைகளில் கடல் முதலில் உள்வாங்கி மக்களை வியக்கவைத்துப் பிறகே பாய்ந்தது. மேற்கே நம் சோழமண்டலக் கரைக்கும் இலங்கைக்கும் முன்னறிவிப்பு ஏதுமின்றி முதல் அலையே ஏற்றமாக வந்தது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான அவகாசம் இருந்தது. அதைச் சொல்லி எச்சரிக்க இந்துமாக் கடலில் ஏற்பாடு எதுவும் அன்று இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்லா நாடுகளையும் சேர்த்து இரண்டேகால் லட்சத்துக்கும் மேல். பூகம்பத்தின் வாயிலிலேயே இருந்த சிமேலு தீவில், எழுபதாயிரத்துக்கும் அதிகமான மக்களில் உயிர் நீத்தோர் ஏழு பேர் மாத்திரமே. 1907இல் அங்கு வந்த பேரலையின் நினைவைப் பாட்டிமார் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிச் சொல்லி, நிலம் பலமாக ஆடினால் குன்றுக்கு ஓடு என்பதை அத்தீவார் மறவாமல் காத்திருந்தார்கள். அதை அவர்கள் ‘ஸ்மோங்’ என்கிறார்கள்.

இதுகாறும் சொன்னவற்றில் நெருப்புக்கு வேலையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இறங்கும் தட்டு குளிர்ந்தது. அதன் பிடியும் விடுதலையும் குளிர்ந்த பாறையின் காரியங்கள். பாறை சூடேறி நெகிழ்ந்துவிட்டால் அது வளைந்துகொடுக்குமேயன்றி முறிவதில்லை. அப்படியிருக்க, குளிர்ந்த தட்டு ஒன்று உள்ளே போகும் இடத்தில், வெளியே வருவது ஏன் அக்கினியாக இருக்க வேண்டும்?

ஜப்பானியரான கியோ வதாத்தி, 1928 முதல் பூகம்பங்களின் ஆழத்தைக் கணக்கிட்டுவந்து, அவை கடலகழியின் பக்கம் மேலாகவும், நாட்டின் உட்பக்கம் செல்லச்செல்ல ஆழமாகவும் ஒரு சரிவில் அமைந்திருப்பதைக் கண்டார். பிற்காலத்தில் இச்சரிவே இறங்கும் தட்டு என்று தெரிந்தது. ஜாவாவின் பக்கம் இது 600 கிலோமீட்டருக்கும் கீழே செல்கிறது. எரிமலைகளின் வரிசையை இச்சரிவோடு பொருத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும்: தட்டு எந்த இடத்தில் சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தை அடைகிறதோ, அநேகமாக அதற்கு நேர்மேலேதான் எரிமலைகள் நிற்கின்றன. சரிவு செங்குத்தாயின் அவை அகழிக்கு அருகிலும், சாய்வாயின் தொலைவிலும் அமைகின்றன. உராய்வினால் சூடு பிறந்து தட்டு உருகுகிறது என்று ஒருகாலத்தில் எண்ணினார்கள். குளிர்ந்த தட்டு அத்தனை எளிதில் உருகுவதில்லை என்று கணக்குகள் காட்டிவிட்டன.

உண்மையான காரணம் நீர். நடுக்கடல் தொடரில் புதிதாய்ப் பிறந்த கடல்தரை வெடிப்புகள் நிறைந்தது. அவற்றினுள்ளே கடல்நீர் புகுந்து, சுடுபாறையோடு கலந்து, அதன் தாதுக்களுக்குள்ளேயே அங்கமாகிவிடுகிறது. செர்பன்டைன் என்னும் வழவழப்பான பச்சைக்கல் அவ்வாறு நீரை விழுங்கிப் பிறந்ததே. பத்துக்கோடி ஆண்டுவரையிலும் கடலடியில் ஊறிக் கிடந்த தரை, மேலே படிந்த சேற்றோடு, அகழியில் இறங்குகிறது. ஆழம் கூடக்கூட வெப்பமும் அழுத்தமும் அந்தத் தாதுக்களைச் சிதைத்து, அவை பிடித்துவைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. வெளியேறிய நீர், தட்டுக்கு மேலே தகித்துக்கொண்டிருக்கும் கவசத்துக்குள் ஏறுகிறது. அந்த ஆழத்தில் வறண்ட கவசப்பாறை உருக 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு வேண்டும். நீர் சேர்ந்துவிட்டாலோ சில நூறு டிகிரி குறைந்த சூட்டிலேயே உருகத் தொடங்கும். பொற்கொல்லர் உலையில் உலோகம் இலகுவாக உருகி ஓடும்பொருட்டுச் சிட்டிகை வெங்காரம் தூவுவது போன்றதுதான் இது. சூட்டைக் கூட்டாமலே உருக்கம் நேர்கிறது. உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட இலேசானதாகையால் மெல்ல மேலேறி, மேலோட்டில் தேங்கி, வழி கிடைத்தபோது எரிமலையாக வெளிப்படுகிறது.

கடலுக்கடியில் பெண்குதிரை முகத்தில் வடவைத் தீ ஒன்று இருந்துகொண்டு, பெருகும் நீரையெல்லாம் குடித்துவருகிறது என்று புராணங்கள் சொல்வதை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. இதைக்கொண்டு நம் முன்னோர் யாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று சாதிக்கப் புகுவது வீண்வேலை. அன்றியும் முறை தலைகீழாகவும் இருக்கிறது. அங்கே நெருப்பு நீரை உண்கிறது; இங்கே நீர் நெருப்பை ஈன்று கொடுக்கிறது. கற்பனை என்ற அளவில் அது அழகானது, அவ்வளவே.

பிறப்பில் மட்டுமன்று, சீற்றத்திலும் நீரே முதற்காரணம். குழம்பில் கரைந்திருக்கும் நீர், அது மேலேறி அழுத்தம் குறைந்ததும் நீராவியாகப் பொங்கி, குழம்பைச் சிதற அடிக்கிறது. ஹவாய் எரிமலைகளின் குழம்பில் நீர் குறைவு. அது பெரும்பாலும் ஆறாக வழிந்தோடுகிறது, மக்கள் அருகே நின்று பார்க்கவும் முடிகிறது. சுந்தா ஜலசந்தியிலுள்ள கிரக்கத்தோவாவோ 1883 ஆகஸ்டு 27ஆம் நாள் வெடித்தபோது, 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் ரோட்ரிகஸ் தீவில் இருந்தவர்கள் எங்கோ பீரங்கி சுடுகிறார்கள் என்று எண்ணினார்கள். முப்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் அது எழுப்பிய அலைகளால் மாண்டனர். வானில் பரவிய துகள்களினூடே சில நாட்களில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறமாகத் தோன்றிற்று. இதையும் சிறிதாக்கும் நிகழ்ச்சி, சுமத்ராவின் தோபா ஏரி இருக்கும் இடத்தில் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அன்று எழுந்த சாம்பல் கடலைத் தாண்டி வந்து இந்தியா எங்கும் விழுந்தது. ஆந்திரத்தில் கர்நூல் பக்கத்து ஜ்வாலாபுரத்தில் அது இன்றும் மண்ணுக்குள் வெண்ணிற அடுக்காகக் கிடக்க, ஊரார் அதை வெட்டியெடுத்துத் துலக்குத்தூளுக்கு விற்றுவந்திருக்கிறார்கள். நம் நாட்டின் எல்லைக்குள்ளே இந்த வரிசையைச் சேர்ந்து இன்றும் எரிவது, போர்ட் பிளேருக்கு வடகிழக்கே 135 கிலோமீட்டரில் உள்ள பாரன் தீவு. 1787இல் அது எரிவதைக் கப்பலோட்டிகள் கண்டு எழுதிவைத்தனர். பிற்பாடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அடங்கியிருந்து, 1991இல் மீண்டும் மூண்டது.

எல்லா எரிமலைகளும் நீரால் பிறந்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கவசப்பாறை ஆழத்திலிருந்து மேலே எழும்போது, அழுத்தம் குறைவதாலேயே உருகும். நடுக்கடல் தொடர்களில் நடப்பது அது. தட்டின் நடுவே, ஆழத்திலிருந்து சூடு மிகுந்த பாறை தூண்போல் எழும் இடங்களிலும் அவ்வாறே. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு அத்தகைய ஓர் இடத்தைக் கடந்தபோது வழிந்த குழம்புதான் உறைந்து தக்காணத்தின் கரும்பாறைப் படிகளாயிற்று. அஜந்தா, எல்லோராக் குகைகளைச் சிற்பிகள் குடைந்தது அந்தக் கல்லில்தான். தட்டு நகர்ந்துவிட்டது, அந்தச் சூடு இன்று ரெயூனியன் தீவின் அடியில் எரிகிறது.

இப்போது இமயத்துக்கு வரலாம். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரைவிட்டுப் பிரிந்த இந்தியா வடக்கு நோக்கி வந்தபோது, அதற்கும் ஆசியாவுக்கும் நடுவே டெதிஸ் என்னும் சமுத்திரம் இருந்தது. அந்தச் சமுத்திரத்தில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருளோட்டுப் பிராணிகளின் கல்லுருவங்களைத்தான், நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து எடுத்துவந்து, சாளக்கிராமம் என்று நம் வீடுகளில் அபிஷேகம் செய்கிறோம். டெதிஸின் அடித்தரை திபெத்தின் அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அதாவது, இன்று சுமத்ராவில் நடப்பது அன்று அங்கே நடந்தது. ஊறிய தரை இறங்கியது, நீர் பிழிந்தது, கவசம் உருகிற்று, எரிமலைகள் எரிந்தன. லடாக்கில் லே நகரத்துக்கு வடக்கே நிற்கும் வெளிறிய கருங்கல் மலைகள், அந்த எரிமலைகளுக்கு அடியில் வெளிவராமல் உறைந்த குழம்பு. மேலிருந்த எரிமலைகள் காலப்போக்கில் பெரும்பாலும் அரித்துப்போக, அவற்றின் அடிவாரம் மட்டும் வெளியே தெரிகிறது.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் டெதிஸ் முழுவதும் தீர்ந்து, இந்தியாவின் நிலப்பகுதி ஆசியாவை முட்டிற்று. கண்டத்தின் பாறை இலேசானது; கடல்தரையைப் போல் கவசத்துக்குள் ஆழமாக இறங்க அது சம்மதிப்பதில்லை. கடல்நீரில் ஊறியதுமன்று. ஆகவே அது திபெத்தின் அடியில் மெதுவாகச் சாய்ந்து நுழைந்து, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மேலோட்டின் தடிப்பைச் சுமார் 70 கிலோமீட்டராக்கி மலையாக உயர்ந்ததே ஒழிய, கவசத்துக்கு நீர் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. மடிந்த பாறைகள் தமக்குள்ளேயே சூடேறி ஆங்காங்கே சிறிது உருகியதுண்டு. மனாஸ்லு சிகரத்தின் வெண்கருங்கல் அப்படி உண்டானது. ஆனால் அந்தக் குழம்பு பிசுபிசுப்பானது. கனத்த மேலோட்டைத் துளைத்து வெளிவர மாட்டாமல் உள்ளேயே உறைந்துவிட்டது. கடல் போனதும் நெருப்பும் போயிற்று. நடுக்கம் போகவில்லை, ஏனெனில் அதற்குக் கடல் தேவையில்லை. இரு பாறைகள் பற்றிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஒன்று தள்ளிக்கொண்டிருந்தால் போதும். இந்தியா நகரும் 5 சென்டிமீட்டரில் சுமார் 2 சென்டிமீட்டர் இமயத்தின் அடியில் சேமிக்கப்படுகிறது. ஐந்நூறு ஆண்டுகளில் அது 10 மீட்டர். 2015 ஏப்ரல் 25இல் அந்தச் சேமிப்பின் ஒரு பகுதி செலவாகி, காத்மாண்டு நகரம் அப்படியே ஒரு மீட்டர் உயர்ந்து, தெற்கு நோக்கி ஒன்றரை மீட்டருக்குமேல் நகர்ந்தது. சுமார் ஒன்பதாயிரம் பேர் இறந்தனர்.

இரண்டு விளிம்புகளும் இவ்வாறு வேறுபட்டிருப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. மேற்கே இந்தியா இமயத்தில் முட்டித் தடைப்பட்டு நிற்க, கிழக்கே ஆஸ்திரேலியா ஜாவா அகழியில் தடையின்றி இறங்குகிறது. நெடுங்காலம் ஒரே தட்டாக எண்ணப்பட்ட இரண்டும் இந்துமாக் கடலின் நடுவே முறுக்குண்டு பிரிந்துகொண்டிருக்கின்றன. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் பிற்பகல் 2 மணிக்குச் சற்றுப்பின் சென்னையில் கட்டடங்கள் அசைந்து மக்கள் தெருவுக்கு வந்தபோது நேர்ந்தது இப்பிளவின் ஓர் அசைவே. அளவு 8.6, இரண்டு மணி நேரங்கழித்து 8.2 அளவில் மற்றொன்று. 2004ஐ நினைத்துக் கரைகளில் எச்சரிக்கை கொடுத்தார்கள். பேரலை வரவில்லை; பாறைகள் மேலெழும்பாமல் பக்கவாட்டில் நழுவியதால் கடல் தூக்கப்படவில்லை. அகழிக்கு வெளியே, தட்டின் உட்புறத்திலேயே, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் பல முறிவுகள் அன்று ஒரே சமயத்தில் அசைந்திருந்தன. பக்கவாட்டில் நழுவும் பூகம்பங்களில் கருவிகள் பதிவுசெய்தவற்றுள் அதுவே மிகப்பெரியது. அம்முறிவுகள் இணைந்து ஒரே எல்லையாவதற்கு இன்னும் பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆகலாம்.